உங்கள் கவுண்டிக்கு வாஷிங்டனிலிருந்து எவ்வளவு பணம் வருகிறது? நீங்களே கணக்கெடுக்க ஒரு வழி

நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடக்கே, மலை மேட்டில், லாஸ் அலாமோஸ் என்றொரு சின்னக் கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 19,419 பேர். அணுகுண்டு செய்வதற்காக 1943ல் தொடங்கிய தேசிய ஆய்வுக்கூடம் இன்றும் அங்கேதான் இயங்குகிறது. அதற்காக ஃபெடரல் அரசு, அதாவது வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு, ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் செலவிடுகிறது. ஆள்கணக்கில் வகுத்தால் தலைக்கு 2 லட்சம் டாலரைத் தாண்டும். அதே மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் கேட்ரன் கவுண்டி. பரப்பில் மாநிலத்திலேயே பெரியது, ஆனால் மக்கள் 3,579 பேர்தான். ஆய்வுக்கூடம் கிடையாது, ராணுவ முகாம் கிடையாது, பெரும்பகுதி காடு.

லாஸ் அலாமோஸ்காரர் ஒவ்வொருவருக்கும் 2 லட்சம் டாலர் போய்ச் சேர்கிறதா? இல்லை. கேட்ரனுக்கு ஒன்றுமே வருவதில்லையா? அதுவும் இல்லை. ஒரு டாலர் எந்த முகவரியில் பதிவானது என்பதும், அது யார் வீட்டு அடுப்பை எரிய வைத்தது என்பதும் வேறு வேறு விஷயங்கள். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் பொறுமையாகச் செய்யக்கூடிய எக்செல் வேலைதான்.

மாநிலத்தின் பெரிய நகரமான ஆல்புகர்க்கி பக்கம் குடிவந்து, கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனின் கூட்டங்களுக்கும் பள்ளி வாரியக் கூட்டங்களுக்கும் போகத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நம்ம கவுண்டிக்கு ஃபெடரல் பணம் எவ்வளவு, பக்கத்துக் கவுண்டிக்கு எவ்வளவு?" 2010 நிதியாண்டு வரை இதற்கு ஒரே இடத்தில் பதில் கிடைத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் சென்சஸ் பியூரோ ஆண்டுதோறும் ஒவ்வொரு கவுண்டிக்கும் போன ஃபெடரல் பணத்தைத் தொகுத்து அறிக்கையாக வெளியிட்டு வந்தது. பிறகு அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பெரிய இழப்பு அது. இப்போது நாமே துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். ஒரு வார இறுதி ஒதுக்கினால் முடியும். நியூ மெக்சிகோவை வைத்துச் சொல்கிறேன். டெக்சஸில் 254 கவுண்டிகள். இங்கே 33 மட்டுமே, முதல் முறை செய்பவருக்கு வசதியான அளவு.

முதல் படி: பணத்தை ஐந்து குவியலாகப் பிரியுங்கள்

எக்செல் தாளில் இடப்பக்கம் 33 கவுண்டிகளின் பெயரையும் ஒவ்வொன்றின் ஃபிப்ஸ் எண்ணையும் எழுதுங்கள். ஃபிப்ஸ் என்பது மாநிலத்துக்கும் கவுண்டிக்கும் அரசு கொடுத்துள்ள ஐந்து இலக்கக் குறியீடு. நியூ மெக்சிகோவின் எண் 35. பெர்னலீயோ கவுண்டி 35001, சாண்டா ஃபே கவுண்டி 35049. இந்த எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்து இரண்டு பட்டியல்களை இணைக்கப் போனால் டோன்யா ஆனா கவுண்டியிலேயே சிக்குவீர்கள். அந்தப் பெயரின் ஸ்பானிய எழுத்து ஒரு கோப்பில் ஒரு மாதிரியும் அடுத்த கோப்பில் வேறு மாதிரியும் இருக்கும்.

மேலே ஐந்து தலைப்புகள்: தனிமனிதர்களுக்கு நேராகப் போகும் பணம் (ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, உணவு உதவி), மானியங்கள், ஒப்பந்தங்கள், ஃபெடரல் ஊழியர் சம்பளம், கடைசியாகக் கடனும் காப்பீடும். கடைசித் தலைப்பை மற்ற நான்கோடு ஒருபோதும் கூட்டாதீர்கள். வீடு வாங்க அரசு உத்தரவாதம் கொடுத்த கடனின் முழுத் தொகை பட்டியலில் நிற்கும், ஆனால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும் பணம். அதைச் செலவு என்று எண்ணினால் கணக்கு ஊதிவிடும்.

சில செலவுகள் எந்தக் கவுண்டிக்கும் சேராது. 2024 நிதியாண்டில் ஃபெடரல் அரசின் மொத்தச் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர் (ஒரு டிரில்லியன் என்பது நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி). அதில் தேசியக் கடனுக்கான வட்டி, வெளிநாட்டுத் தூதரகங்கள், கடல் கடந்த ராணுவத் தளங்கள் போன்றவற்றுக்கு உள்ளூர் முகவரி கிடையாது. உங்கள் தாளில் அவை வராமல் இருப்பதுதான் சரி.

இரண்டாம் படி: மனிதர்களிடமிருந்து தொடங்குங்கள்

பலரும் ஆய்வுக்கூடம், ராணுவம் என்று பெரிய பெயர்களிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டம் ஒன்றே ஃபெடரல் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். மெடிகேர் (மூத்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு) இரண்டையும் சேர்த்தால் பாதியை நெருங்கும். பெரும்பாலான கவுண்டிகளுக்கு வாஷிங்டன் என்றால் மாதாமாதம் தாத்தா பாட்டியின் வங்கிக் கணக்கில் விழும் தொகைதான்.

இதற்கு நல்ல இடம் பொருளாதார ஆய்வுப் பணியகத்தின் கவுண்டிவாரி வருமான அட்டவணைகள். அவற்றில் 35ஆம் எண் அட்டவணை சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், மெடிகெய்ட், உணவு உதவி, முன்னாள் ராணுவத்தினர் உதவி, வேலையில்லாக் காலக் காப்பீடு என்று ஒவ்வொன்றையும் கவுண்டிவாரியாகத் தருகிறது. சரிபார்க்க வேண்டுமானால் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிடும் கவுண்டிவாரிப் பயனாளர் பட்டியலை எடுங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான துறையும் தன் செலவைக் கவுண்டிவாரியாகப் பிரித்து வெளியிடுகிறது.

கேட்ரனுக்கு இங்கேதான் கணக்கு மாறுகிறது. மூத்தவர்களின் விகிதம் மிக அதிகமான கவுண்டி அது. அதனால் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் தலைக்கணக்கில் மாநிலச் சராசரிக்கு மேலே போகின்றன. காட்டுக்குள் இருக்கிற கவுண்டிக்கும் பணம் வருகிறது. தபால் பெட்டி எண்ணிக்கையில் பிரிந்து வருவதால் கண்ணில் படுவதில்லை.

இந்த அட்டவணையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மெடிகெய்ட் தொகையில் மாநில அரசின் பங்கும் கலந்திருக்கிறது. நியூ மெக்சிகோவில் சாதாரணப் பயனாளர்களுக்கு ஃபெடரல் பங்கு 70 சதவீதத்துக்கு மேல். மெடிகெய்டை இன்னும் பலருக்கு நீட்டித்த விரிவாக்கத்தில் சேர்ந்த பெரியவர்களுக்கு 90 சதவீதம். ஆக மொத்தத்தையும் ஃபெடரல் பணம் என்று எழுதிவிடாதீர்கள். அப்புறம், இந்த அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டு. ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1ல் தொடங்கி செப்டம்பர் 30ல் முடிகிறது. எந்த எண் எந்த ஆண்டுக்கு உரியது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: ஒப்பந்தமும் மானியமும்

இதுதான் நேரம் பிடிக்கிற இடம். இதற்கு யுஎஸ்ஏஸ்பெண்டிங் என்ற அரசு இணையதளம் இருக்கிறது. 2006ல் வந்த வெளிப்படைத்தன்மைச் சட்டத்தால் பிறந்தது. 2014ல் வந்த இன்னொரு சட்டம் அதன் தரவுகளை ஒழுங்குபடுத்தியது. விரிவான தேடல் பக்கத்தில் நிதியாண்டையும் மாநிலத்தையும் தேர்ந்தெடுத்தால், கவுண்டி வரைபடமாகவும் பார்க்கலாம், சிஎஸ்வி கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம்.

தேடும்போது அந்தத் தளம் உங்களிடம் இரண்டு முகவரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்: பணம் பெறுபவர் இருக்கும் இடம், வேலை நடக்கும் இடம். முதல் முறை செய்தபோது நான் இந்த இரண்டையும் கவனிக்காமல், பெறுபவர் முகவரியை வைத்தே வரைபடம் போட்டுவிட்டேன். சாண்டா ஃபே கவுண்டி மலைபோல் உயர்ந்து நின்றது. அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். அங்கே இருப்பது மாநிலத் தலைநகரம். மெடிகெய்ட் மானியம் அதை நடத்தும் மாநிலத் துறைக்குப் போகிறது, அதன் அலுவலகம் சாண்டா ஃபேயில். நெடுஞ்சாலைப் பணம் போக்குவரத்துத் துறைக்குப் போகிறது, அதுவும் சாண்டா ஃபேயில். அங்கிருந்துதான் 33 கவுண்டிகளுக்கும் பிரிகிறது. எந்த மாநிலத்தில் செய்தாலும் தலைநகரக் கவுண்டியைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

இதைவிட வருத்தம் தரும் உதாரணம், சொந்த அரசு கொண்ட பழங்குடியினரான நவஹோ தேசம். நவஹோ மக்களின் நிலம் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் பரந்திருக்கிறது. அவர்களுடைய அரசின் தலைநகரம் விண்டோ ராக், அரிசோனாவின் அப்பாச்சி கவுண்டியில். நவஹோ அரசுக்கு வரும் மானியம் அந்த முகவரியில் பதிவாகும்போது, நியூ மெக்சிகோவின் மெக்கின்லி, சான் ஹுவான் கவுண்டிகளில் வாழும் நவஹோ குடும்பங்களுக்காகச் செலவாகும் தொகை வேறு மாநிலக் கணக்கில் போய்விடுகிறது. மெக்கின்லியின் பட்டியலைப் பார்த்துவிட்டு "இங்கே இவ்வளவுதானா" என்று முடிவுகட்டும் முன் இதை நினையுங்கள்.

சரி, வேலை நடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்துவிடுமா? பாதி தீரும். நியூ மெக்சிகோவின் ரியோ ராஞ்சோவில் இன்டெல் ஆலை இருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகமோ கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில். இப்படிப்பட்டவற்றுக்கு வேலை நடக்கும் இடம்தான் பொருத்தம். ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தை ஹனிவெல் நிறுவனத்தின் துணை நிறுவனம் 2017 முதல் ஒரே பெரிய ஒப்பந்தத்தில் நடத்துகிறது. அதன் முக்கிய வளாகம் ஆல்புகர்க்கியில், அதாவது பெர்னலீயோ கவுண்டியில். இன்னொரு வளாகம் கலிபோர்னியாவின் லிவர்மோரில். ஒரே ஒப்பந்தம் ஒரே முகவரியில் நிற்கும்போது லிவர்மோரில் செலவாகும் பணமும் பெர்னலீயோவின் கணக்கில் ஏறலாம். இன்னொன்று, மானியத்தில் வேலை நடக்கும் இடம் "மாநிலம் முழுவதும்" என்று பதிவாகியிருந்தால் அது எந்தக் கவுண்டியின் வண்ணத்திலும் தெரியாது. 33 கவுண்டிகளையும் கூட்டுங்கள், மாநில மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். நடுவே துண்டு விழும். அந்தத் துண்டை "பிரிக்கப்படாதது" என்று 34ஆம் வரியாக எழுதி வையுங்கள். அதை மறைக்காமல் காட்டும் தாளைத்தான் நம்பலாம்.

வேறு சில பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தளம் பெரும்பாலும் காட்டுவது அரசு தருவதாக உறுதி எழுதிய தொகையை. உண்மையில் கைமாறிய தொகை வேறு பத்தியில் இருக்கும். ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதையே எடுங்கள். பழைய உறுதியை அரசு திரும்ப எடுத்துக்கொண்டால் கழித்தல் குறியோடு எண் வரும். அதைப் பிழை என்று நினைத்து அழிக்காதீர்கள். ஒப்பந்தத்தின் உச்ச வரம்பு என்று ஒரு பெரிய எண் இருக்கும். பத்து ஆண்டுகளில் எல்லாம் கூடிவந்தால் எட்டக்கூடிய தொகை அது, செய்தித் தலைப்புக்கு மட்டும் உதவும். பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தங்கள் 90 நாள் கழித்தே தளத்துக்கு வரும். ஆகவே ஹாலமன் விமானப்படைத் தளம் இருக்கும் ஒட்டேரோ கவுண்டி, கேனன் தளம் இருக்கும் கர்ரி கவுண்டி போன்றவற்றுக்கு நிதியாண்டு முடிந்த கையோடு கணக்குப் போடாதீர்கள், ஜனவரிவரை பொறுங்கள்.

தனிமனிதர் உதவிகளும் இந்தத் தளத்தில் கவுண்டிவாரி மொத்தமாக வரும், தனியுரிமைக்காகப் பெயர்களைக் காட்ட மாட்டார்கள். அவற்றை இரண்டாம் படியில் எடுத்துவிட்டோம் என்பதால் இங்கே வடிகட்டி நீக்குங்கள். மாநிலம் வழியாக வரும் மெடிகெய்ட், உணவு உதவி மானியங்களையும் அப்படியே. இல்லையென்றால் ஒரே டாலர் இரண்டு முறை ஏறும்.

நான்காம் படி: சம்பளம்

ஃபெடரல் ஊழியர் சம்பளம் யுஎஸ்ஏஸ்பெண்டிங் பட்டியலில் கவுண்டிவாரியாகக் கிடைக்காது. தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் வேலைவாய்ப்பு, ஊதியக் கணக்கில் "ஃபெடரல் அரசு" என்று தனிப் பிரிவு உண்டு, கவுண்டிவாரியாக. அதில் சீருடை ராணுவத்தினர் சேர மாட்டார்கள். அவர்களுக்குப் பொருளாதார ஆய்வுப் பணியகத்தின் வருமான அட்டவணையில் ராணுவம் என்ற வரியைப் பாருங்கள். லாஸ் அலாமோஸ், சாண்டியா ஊழியர்கள் ஃபெடரல் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள். அவர்கள் சம்பளம் ஏற்கெனவே ஒப்பந்தத் தொகைக்குள் இருக்கிறது. மெக்கின்லி கவுண்டியின் கேலப் ஊரில் இந்தியச் சுகாதாரச் சேவையின் (அமெரிக்கப் பழங்குடியினருக்கான ஃபெடரல் அமைப்பு) மருத்துவமனை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஃபெடரல் ஊழியர்களின் சம்பளம் இந்தக் குவியலில் வரும்.

இனி லாஸ் அலாமோஸின் 2 லட்சம் டாலருக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோர் காலையில் சாண்டா ஃபே, ரியோ அரீபா, சாண்டவல் கவுண்டிகளிலிருந்து மலையேறி வருகிறார்கள், மாலையில் இறங்கிப் போகிறார்கள். சம்பளம் அவர்களோடு வீட்டுக்குப் போகிறது. சென்சஸ் பியூரோவின் ஆன் த மேப் என்ற கருவியில் ஒரு கவுண்டியில் வேலை செய்பவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். நான் இரண்டு பத்திகள் வைத்துக்கொள்கிறேன்: வேலை நடக்கும் கவுண்டி, குடியிருக்கும் கவுண்டி. இரண்டாவது பத்தியில் லாஸ் அலாமோஸின் எண் நன்றாகக் குறைகிறது. ஆனாலும் அது மாநிலத்தின் மிகப் பணக்காரக் கவுண்டியாகவே இருக்கிறது, மலைக்குக் கீழே பக்கத்திலேயே இருக்கிற ரியோ அரீபாவில் வறுமை நீடிக்கிறது. ஆய்வுக்கூடப் பணம் எட்டும் தூரத்தில் இருந்தும் அந்த ஊர்களின் நிலை இதுதான் என்பதை எக்செல் தாளில் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

ஐந்தாம் படி: நிலத்துக்காக வரும் பணம்

நியூ மெக்சிகோவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் ஃபெடரல் அரசுடையது. அந்த நிலத்துக்குக் கவுண்டி சொத்து வரி போட முடியாது. அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்ட 1976ல் ஒரு சட்டம் வந்தது. வரிக்குப் பதிலாகக் கவுண்டி அரசுக்கே நேராகப் பணம் கொடுக்கிறார்கள். உள்துறை அமைச்சகம் ஆண்டுதோறும் கவுண்டிவாரித் தொகையை வெளியிடுகிறது. ஃபெடரல் உதவித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் எண் தரும் பட்டியலில் அதன் எண் 15.226. மொத்தத்தில் சின்னத் தொகைதான். ஆனால் கேட்ரன் மாதிரி ஆள் குறைந்த கவுண்டியின் சாலை, ஷெரீஃப் செலவுகளுக்கு அது முக்கியம்.

பள்ளிகளுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு, எண் 84.041. ஃபெடரல் நிலமோ பழங்குடி நிலமோ இருப்பதால் வரி வசூலிக்க முடியாத பள்ளி மாவட்டங்களுக்கு 1950 முதல் கிடைக்கிறது. நியூ மெக்சிகோ அரசு தன் பள்ளி நிதிச் சூத்திரத்தில் இந்தத் தொகையின் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு வந்தது. சூனி, கேலப் பள்ளி மாவட்டங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2007ல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றன. 2021ல்தான் மாநிலச் சட்டமன்றம் அந்தக் கழிவை நீக்கியது. ஆக 2021க்கு முன்னால் மெக்கின்லி பள்ளிகளுக்கு வந்ததாகப் பதிவான ஃபெடரல் தொகை முழுதும் அவற்றுக்குக் கூடுதல் பணமாக நிற்கவில்லை. பழைய ஆண்டுகளை ஒப்பிடும்போது இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கவுண்டி அரசின் சொந்தத் தணிக்கை

இதுவரை பார்த்தது கவுண்டி என்ற நிலப்பரப்புக்கு வந்த பணம். கவுண்டி அரசின் கைக்கு வந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் தணிக்கை அறிக்கையைப் படியுங்கள். ஓராண்டில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஃபெடரல் பணம் செலவிடும் உள்ளாட்சிகள் ஒருங்கிணைந்த தணிக்கை செய்தே ஆக வேண்டும். அந்த வரம்பு நீண்ட காலம் 7.5 லட்சம் டாலராக இருந்தது, இப்போது 10 லட்சம். அறிக்கையின் பின்பகுதியில் ஃபெடரல் செலவுகளின் அட்டவணை ஒன்று இருக்கும். எந்தத் திட்டம், என்ன எண், நேராக வந்ததா, மாநிலம் வழியாக வந்ததா, எல்லாம் அதில் உண்டு. சாண்டா ஃபேயின் கணக்கில் மறைந்த பணம் உங்கள் கவுண்டியில் மறுபடி தலைகாட்டும் இடம் இதுதான். ஃபெடரல் தணிக்கைக் காப்பகத்தின் தளத்தில் கவுண்டியின் பெயரைப் போட்டுத் தேடினால் இலவசமாகக் கிடைக்கும்.

அதில் 21.027 என்ற எண்ணைக் கண்டால் அது கோவிட் பாதிப்பிலிருந்து மீள 2021ல் வந்த மீட்புச் சட்டத்தின் பணம். நாட்டின் கவுண்டிகளுக்கென்று ஒதுக்கிய 6,510 கோடி டாலரை மக்கள்தொகை விகிதத்தில் பிரித்தார்கள். தலைக்கு 200 டாலருக்குச் சற்றுக் குறைவு. லாஸ் அலாமோஸுக்கும் கேட்ரனுக்கும் தலைக்கணக்கில் ஏறக்குறைய ஒரே அளவு கிடைத்த அபூர்வமான பணம் அது.

ஏழாம் படி: தலைக்கணக்கில் வகுக்கும் முன்

வகுப்பதற்கு அந்தந்த ஆண்டின் மக்கள்தொகை மதிப்பீட்டை எடுங்கள். ஹார்டிங் கவுண்டியில் 2020ல் 657 பேர்தான். அங்கே ஒரே ஒரு சாலை மானியம் வந்தாலும் தலைக்கணக்கு எகிறும். சின்னக் கவுண்டிகளுக்கு ஐந்தாண்டுச் சராசரி எடுப்பது நல்லது. 4,189 பேர் வாழும் மோரா கவுண்டியைப் பாருங்கள். 2022ல் காட்டுத்தீ அபாயத்தைக் குறைக்க ஃபெடரல் வனத்துறை வைத்த தீ கட்டுமீறி, மாநில வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீயாக 3.4 லட்சம் ஏக்கரை எரித்தது. மோரா, சான் மிகேல் கவுண்டிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த வீடுகளும் மரங்களும் போயின. அந்த ஆண்டிலேயே நாடாளுமன்றம் இரண்டு தவணையாக 395 கோடி டாலர் நஷ்டஈட்டுக்கு ஒதுக்கியது. அடுத்த ஆண்டுகளின் பட்டியலில் மோரா உயர்ந்து நிற்பதைப் பார்த்து அதிர்ஷ்டக் கவுண்டி என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

மக்கள்தொகை எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. பழங்குடிக் காப்பு நிலங்களில் வாழும் அமெரிக்க இந்தியர்களை 2020 கணக்கெடுப்பு 5.6 சதவீதம் குறைவாக எண்ணியது என்று சென்சஸ் பியூரோவே தன் சரிபார்ப்பில் சொன்னது. மெக்கின்லி போன்ற கவுண்டிகளில் இது இரண்டு விதமாகக் கடிக்கிறது. மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கும் மானியம் குறைகிறது. குறைந்த எண்ணால் வகுப்பதால் தலைக்கணக்கோ உண்மையைவிட அதிகமாகத் தெரிகிறது.

தாள் தயாரானதும்

நியூ மெக்சிகோவில் கவுண்டிகளின் நிதியாண்டு ஜூலை 1ல் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுக்கான முதல்நிலை வரவுசெலவுத் திட்டத்தை ஜூன் 1க்குள் மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதால், ஏப்ரல், மே மாதக் கமிஷன் கூட்டங்களில்தான் கேள்விக்கு மதிப்பு. மொத்த எண்ணை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தணிக்கை அட்டவணையிலிருந்து ஒரே ஒரு வரி போதும்: இந்த எண்ணுள்ள திட்டத்தில் இவ்வளவு வந்திருக்கிறது, எந்த ஊரில் எதற்குச் செலவானது? அங்கே பதில் கிடைக்காவிட்டால் மாநிலத்தின் பொது ஆவணப் பார்வைச் சட்டப்படி கவுண்டி அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஆவணத்தைப் பார்வைக்குத் தர அவர்களுக்கு 15 நாள் அவகாசம். விண்ணப்பத்தில் திட்டத்தின் எண்ணையும் நிதியாண்டையும் குறிப்பிடுங்கள். இரண்டும் இருந்தால் தேடிக் கொடுக்கும் ஊழியருக்கும் வேலை சுலபம்.